சாமி கண்ணைக் குத்தின ஊர்

பரமார்த்தலிங்கம் சாரை நான் 'அவன்'னுதான் சொல்லுவேன், பிடிக்கலன்னா இப்பமே எந்திரிச்சுப் போயிருங்க, ஏன்னா அந்த மனுசனுக்கு மரியாதை குடுத்துக் குடுத்துத்தான் எங்க ஊரு நாசமாப் போச்சு, 'சார் வாங்க, சார் உக்காருங்க, சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு நாங்க எல்லாரும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னதுலதான் எங்க அண்ணன் மவ முப்பிடாதி, நாலு வயசுப் பிள்ளை, கிளி மாதிரி பேசிக்கிட்டுக் கிடந்தவ, வாயடைச்சுப் போயி மூலையில உக்காந்தா. அவளை நாங்க முப்புன்னு கூப்பிடுவோம். நான் அவளுக்கு அத்தை, பேரு வடிவு. எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊருல ஒரு பேச்சு உண்டு, அது நிசந்தான்.

எங்க செவக்காட்டுல இருக்கது ஒரே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம். பேரு பரமார்த்தா நர்சரி. தன் பேரையே பள்ளிக்கூடத்துக்கு வச்சிக்கிட்டான், தாளாளரும் அவன்தான், சாரும் அவன்தான். காலையில மணியடிச்சதும் பிள்ளைக எல்லாம் வெயில்ல வரிசையா நின்னு, உச்சந்தலையில கைய வச்சி, 'பொய் பேச மாட்டோம், பிறர் பொருளை எடுக்க மாட்டோம், பொய் பேசினால் சாமி கண்ணைக் குத்தும்'னு ராகம் போட்டுச் சொல்லணும், சொல்லி முடிச்சதும் அவன் ஒவ்வொரு பிள்ளை கண்ணையும் குனிஞ்சு பாப்பான், குத்தியிருக்கா இல்லையான்னு சோதிக்கானாம், அதுல பாதிப் பிள்ளைக பயத்துல டிரவுசர நனைச்சிரும்.

அதோட விட்டானா? நேர்மையச் செயல்ல படிச்சுக் குடுக்கேன்னு ஒரு பாட்டில் கொண்டாந்து வச்சான். மூடி கிடையாது. உள்ள செக்கச்செவேல்னு தேன்மிட்டாய். பிள்ளைக கைக்கு எட்டுத உயரத்துல வச்சிட்டு, 'இதுக்குப் பேரு நம்பிக்கைப் பாட்டில், இதுக்குக் காவல் கிடையாது, உங்க மனசுதான் காவல், வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணுகூடக் குறையலன்னா எல்லாருக்கும் மிட்டாய்'னு சொன்னான். வாராவாரம் வெள்ளிக்கிழமை பாத்தா பாட்டில் குறைஞ்சிருக்கும். ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு நாளும் மிட்டாய் கிடைச்சதில்ல. பால்வாசம் போகாத பிள்ளைக ஒண்ணையொண்ணு முறைச்சுப் பாத்து, 'நீதான கள்ளன், நீதான கள்ளன்'னு கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வரும், நாங்களும் 'நல்லாப் படிச்சுக் குடுக்காவப்பா, சின்னதுலயே தெரிஞ்சுக்கிடட்டும்'னு தலையாட்டுவோம், எங்க தலையில இடி விழ.

தின்னது அவன்தான். அவனுக்குச் சுகர் ரொம்ப. அவன் பெண்டாட்டி லோகாம்பா மதினி வீட்டுல சீனிய மட்டுமில்ல, சீனி டப்பாவையே கண்ணுல படவிட மாட்டாவ, வெறும் கேப்பைக் கூழும் கீரையுமா ஊத்தி ஊத்தி அவனை உயிரோட வச்சிருக்காவ. மத்தியானம் பிள்ளைகளைப் பாயில படுக்கப் போட்டு ஒறங்கச் சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு, இவன் பாட்டிலுக்குள்ள கைய விடுவான். எங்க முப்புக்கு மத்தியானம் ஒறக்கமே வராது. அரைக் கண்ணு தொறந்துக்கிட்டுக் கிடப்பா.

அந்த வெள்ளிக்கிழமை அவன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, 'யாரு எடுத்தது, உண்மையச் சொன்னா அடிக்க மாட்டேன்'னு கேட்டான். முப்பு எந்திரிச்சு நின்னா. "சார், நீங்கதான தின்னீங்க? நான் முழிச்சிட்டுத்தான கிடந்தேன்" அப்படின்னா. குத்தம் சொல்லணும்னு சொல்லல, சாருக்கு மறந்துபோச்சு, நாம ஞாபகப்படுத்துவோம்னு சொல்லியிருக்கா பிள்ளை.

அந்தப் பேதியில போவான் என்ன செஞ்சான் தெரியுமா? ஒரு சிலேட்டுல 'பொய்க்காரி'ன்னு எழுதி, கயிறு கட்டி, முப்பு கழுத்துல மாட்டிவிட்டான். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பம் வாசிக்கத் தெரியாது. அதனால அதையே அன்னைக்குப் பாடமாக்கிட்டான். 'பொ, ய், க், கா, ரி' அப்படின்னு பிரம்பை வச்சி ஒவ்வொரு எழுத்தாத் தொட்டுத் தொட்டு, எல்லாப் பிள்ளைகளையும் சுத்தி நின்னு சேர்ந்து சொல்லச் சொல்லி, தொண்டை வத்துத வரைக்கும் சொல்ல வச்சான். அந்த வகுப்புப் பிள்ளைக பொறந்ததுக்கு முதமுதலா எழுத்துக்கூட்டிப் படிச்ச வார்த்தை அதுதான்.

எங்க மதினிக்கு ஆள் அனுப்பினான். மதினி பேரு ஆவுடை. எங்க அண்ணன் மஸ்கட்டுல இருக்கான், மதினி வீட்டுல பீடி சுத்திக்கிட்டுப் பிள்ளைய வளக்கா. மடியில இருந்த பீடித்தட்டை அப்படியே இறக்கி வச்சிட்டு, பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுன்னு ஓடுனவள்ட்ட அவன் சொன்னான், "ஆவுடையம்மா, எடுத்துத் தின்னதைக்கூட மன்னிச்சிரலாம், ஆனா பெரியவங்க மேலயே பழியப் போடுதா பாருங்க, இதை இந்த வயசுலயே கிள்ளி எறியணும், இல்லன்னா பின்னால நீங்கதான் அழுவீங்க." மதினி பிள்ளையப் பாத்தா. சாரைப் பாத்தா. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். சிலேட்டு கழுத்துல தொங்கத் தொங்கப் பிள்ளைய ஓங்கி ஒண்ணு வச்சா. பிள்ளை அழல. அம்மாவையே பாத்துக்கிட்டு நின்னா, அம்புட்டுதான். அன்னைக்கு மூடுன வாய், அதுக்கப்புறம் தண்ணி வேணும்னாக்கூட டம்ளரைத் தட்டிக் காட்டுவா, ஒரு சொல்லு கிடையாது.

அதுக்கு அடுத்தாப்புலதான் சாமி எங்க ஊருல கண்ணைக் குத்த ஆரம்பிச்சிது.

ஏன், எதுக்கு, எந்தச் சாமின்னு எங்கிட்ட கேக்காதீங்க, முக்குல நிக்க இசக்கின்னு சிலபேரு சொல்லுதாவ, மேலத்தெரு மாதா கோயில்காரங்க மாதாவேதான்னு சொல்லுதாவ, எங்களுக்குத் தெரியாது, எத்தனை காலமா 'சாமி கண்ணைக் குத்தும், சாமி கண்ணைக் குத்தும்'னு சாமி பேரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுனோம், அதுவும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, சரி கேட்டதைக் குடுத்திருவோம்னு நினைச்சிருக்கும். ஆனா ஒண்ணு, பிள்ளைகளைக் குத்தல. பிள்ளைக பல்லுத் தேய்க்காமத் தேச்சேன்னும், தங்கச்சியக் கிள்ளிட்டு எறும்பு கடிச்சிட்டுன்னும் சாதாரணமாப் பொய் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சிது, அதுக கண்ணுல தூசிகூட விழல. குத்துனது பெரியவங்களை. அதுவும் ரத்தம் கிடையாது, வலி கிடையாது. எந்தப் பிள்ளைட்ட பொய் சொன்னமோ அந்தப் பிள்ளை நம்ம கண்ணுக்குத் தெரியாது. போட்டிருக்க சட்டை, கையில இருக்க முறுக்கு எதுவும் தெரியாது. சத்தம் கேக்கும், தொட்டா கையில படும், கண்ணுக்கு மட்டும் அந்த இடம் வெறுமையா இருக்கும்.

முதல்ல மாட்டுனது டீக்கடை சுடலையாண்டி. மவன் கேக்கு கேட்டிருக்கான், 'தீந்து போச்சுல'ன்னு சொல்லிட்டுத் திரும்புதாரு, பெஞ்சுல உக்காந்திருந்த பயலைக் காணோம், 'எப்பா எப்பா'ன்னு குரல் மட்டும் வருது. மனுசன் பாய்லரைக் கவுத்துட்டு ஓடுனாரு. அப்புறம் ஒவ்வொரு வீடா. 'கடை பூட்டியாச்சு'ன்னு சொன்னவ, 'உன்னைத் தவிட்டுக்குத்தான வாங்குனோம்'னு கேலி பண்ணி அழ வச்ச மாமன்மாரு, 'அம்மா எங்கயும் போகல, நீ ஒறங்கு'ன்னு சொல்லிட்டுப் புறவாசல் வழியா கல்யாண வீட்டுக்குப் போனவ, வரிசையா எல்லாருக்கும் குத்து விழுந்துச்சு. ஊசி போடுத நர்சம்மா செல்வராணிக்குத்தான் ரொம்பப் பாவம், பிறந்ததுல இருந்து ஊருல அம்புட்டுப் பிள்ளைகள்ட்டயும் 'வலிக்கவே வலிக்காது'ன்னு சொன்ன பொம்பளை அவ, அவ கண்ணுக்குச் செவக்காட்டுல ஒரு பிள்ளைகூடக் கிடையாது, தாய்மாரு வெறும் கைய மடக்கித் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்க மாதிரி தெரியும்.

ஆனா மருந்தைக் கண்டுபிடிச்சதும் அவதான். ஊசிய வச்சிக்கிட்டுக் காத்துல தடவித் தடவி, அழுதுகிட்டே, "வலிக்கும் மக்கா, நான் இத்தனை நாளா பொய் சொன்னேன், வலிக்கத்தான் செய்யும், ஆனா சீக்கிரம் போயிரும்"னு சொன்னா பாருங்க, அந்தப் பிள்ளை டபக்குன்னு தாய் மடியில இருந்தபடியே தெரிஞ்சிது, கையைத் தானே நீட்டிக்கிட்டு. அப்பத்தான் புரிஞ்சிது. எந்தப் பிள்ளைட்ட சொன்னமோ அந்தப் பிள்ளை காதுல விழும்படியா உள்ளதைச் சொல்லணும், அந்தால கண்ணு வந்திரும். பிள்ளை காதுல விழணும், அதுதான் கணக்கு. சுவத்துக்குச் சொன்னா வராது.

மனுசங்கதான, எல்லாத்துக்கும் பழகிட்டோம். கொலுசுக்காரனுக்கு யோகம், ஆம்பிளைப் பிள்ளைக காலுலகூடச் சலங்கை கட்டுனோம். கல்யாண வீட்டுல பந்திக்கு உக்காரும்போது 'இந்த இலையில பிள்ளை இருக்கா?'ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவோம். கதை சொன்னா குத்துமா குத்தாதான்னு பெரிய சண்டை வந்துச்சு, நிலாவுல ஆயா வடை சுடுதான்னு ஒருத்தி பயந்து பயந்து சொல்லிப் பாத்தா, குத்தல. பிள்ளைய ஏமாத்தணும்னு சொன்னா மட்டுந்தான் குத்து. பூச்சாண்டி வாரான்னு சொன்னா குத்துச்சு. எங்க அண்ணனைக்கூட விடல, மஸ்கட்டுல இருந்து வீடியோ கால்ல 'அடுத்த மாசம் வந்திருதேன் மக்கா'ன்னு வாய் சொல்லி முடிக்கல, போனுல பிள்ளையக் காணோம், வெறும் சுவரு தெரியுதாம். பதறிப்போயி, 'லீவு குடுக்கல மக்கா, எப்பம் வருவேன்னு அப்பாவுக்கே தெரியாது'ன்னு அழுதுகிட்டே சொன்னான், அப்பத்தான் தெரிஞ்சா. அந்தப் பிள்ளை அதுக்கும் ஒண்ணும் பேசல, போனைத் தடவிக் குடுத்தா.

எங்க ஊருல குத்து வாங்காத ஒரே வீட்டுக்காரி எங்க மதினி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பிள்ளைட்ட 'காசு இல்ல'ன்னா நிசமாவே காசு இருக்காது. அதனாலதான், என் வயித்துல பொறந்தவ எப்படிப் பொய் சொன்னான்னு உள்ளுக்குள்ள வெந்து வெந்து செத்துக்கிட்டிருந்தா.

ஒரு நாள் பிள்ளையக் கொண்டு விடப் போனவ ஜன்னலோரம் நின்னுட்டா. அவன் பேரு கூப்பிடுதான். ஒவ்வொரு பிள்ளையும், 'உள்ளேன் ஐயா'ங்கு. முப்பிடாதின்னான். முப்பு முன்வரிசையில அவன் முழங்காலுக்கு நேரா உக்காந்திருக்கா, வாய் பேசாததால கையைத் தூக்கிக் காட்டுதா. அவன் அவளுக்கு மேல பாத்தான், பக்கத்துல பாத்தான், 'முப்பிடாதி வரல'ன்னான். பிள்ளைக எல்லாம், "சார், முப்பு இன்னா முன்னாலயே இருக்கா, சார்"னு கத்துச்சு. அவன் கழுத்துல வேர்வை வழிஞ்சிது. "யாரும் இல்ல, அவ இன்னைக்கு லீவு" அப்படின்னான்.

மதினிக்கு அப்பத்தான் ரத்தம் தலைக்கு ஏறிச்சு. கண்ணு தெரியலன்னா அவன் இந்தப் பிள்ளைட்ட பொய் சொல்லியிருக்கான். அவன் பொய் சொல்லியிருக்கான்னா என் பிள்ளை சொன்னது நிசம். நான் நிசத்தைச் சொன்ன பிள்ளையை அடிச்சிருக்கேன். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பிள்ளையக் கட்டில்ல உக்கார வச்சி, ரெண்டு பாதத்தையும் புடிச்சிக்கிட்டு, "மக்கா, நீ சொன்னதுதான் நிசம், அம்மா உன்னை நம்பாமப் போயிட்டேன்"னு தலையை முட்டிக்கிட்டு அழுதா. முப்பு குனிஞ்சு அம்மா தலையில ஒட்டியிருந்த பீடித்தூளை ஊதி விட்டா. பேசல.

"வடிவு, இவ வாயைப் புடுங்குனவன் கண்ணை நான் புடுங்காம விட மாட்டேன்"னா மதினி. நானும், "நல்லாப் புடுங்கு மதினி, நான் காலைப் புடிச்சிக்கிடுதேன்"னேன். இப்பவும் சொல்லுவேன், அதுல ஒரு தப்பும் கிடையாது.

அவ தெருவுல நின்னு கத்தல. மண்ணை வாரித் தூத்தல. பிள்ளையத் தலைசீவிப் பூ வச்சிப் பவுடர் போட்டு, ஒரு நாள் விடாம, முன்வரிசையில கொண்டு உக்கார வச்சிட்டு வந்தா. அதுதான் அவ போட்ட தூண்டில். பேரு கூப்பிடும்போது பிள்ளைக, 'முப்பு இன்னா இருக்கா சார்'னு கத்தும், அவன் கத்துத பிள்ளைட்ட இல்லன்னு சொல்லுவான், சொல்லச் சொல்ல எந்தெந்தப் பிள்ளைட்ட சொன்னானோ அதுவும் மறையும். அப்படியே முன்வரிசை போச்சு, நடுவரிசை போச்சு. கடைசியில வெறும் பாயும் தண்ணிப் பாட்டிலும் கிடக்க அறையில நின்னுக்கிட்டு, பெருசாச் சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கமாப் பாத்துப் பிரம்பை ஆட்டிக்கிட்டு நேர்மைப் பாடம் நடத்துனான். பிள்ளைக அவன் முதுகுக்குப் பின்னால நின்னு பழிப்புக் காட்டிச்சு. அவன் மூக்குக்கு நேரா நின்னு பாட்டிலைக் காலி பண்ணிச்சு. தின்னட்டும்.

அப்பவும் அவன் வாயில உண்மை வரல. வெக்கம் கெட்ட மூதி. சார்ங்க பேரு போயிருமாம்.

அப்பந்தான் மதினி அவன் பேரனைப் புடிச்சா. லக்ஷித்துன்னு பேரு, மவ வயித்துப் பேரன், அதே பள்ளிக்கூடத்துல அடுத்த அறையில யு.கே.ஜி. அந்தப் பயல் மேல அவனுக்கு உசுரு. அவன்ட்ட மட்டும் பொய் சொல்லிராம, வீட்டுல வாயே தொறக்காம, தொறந்தா 'ஆமா', 'இல்ல'ன்னு அளந்து அளந்து பேசிக்கிட்டிருந்தான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதினி அந்தப் பயலைக் கூப்பிட்டு, "மக்கா, பாட்டில் மிட்டாயத் தின்னது யாருன்னு உங்க தாத்தாட்ட கேட்டுப் பாரு, ஆச்சி பக்கத்துல இருக்கும்போது கேளு"ன்னு சொல்லி அனுப்புனா. பிள்ளைதான, நேராப் போயிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால நின்னு கேட்டுட்டான். லோகாம்பா மதினி கீரையப் பரிமாறுன கரண்டியோட நிமிந்து பாத்தாவ. ஆமான்னு சொன்னா சுகரை வச்சிக்கிட்டு இனிப்புத் தின்னது வெளியில வரும், கரண்டி தலையில விழும். "சத்தியமா தாத்தா தின்னல கண்ணு"ன்னான். பயல் நின்ன இடம் வெறுமையாப் போச்சு. அவன் தட்டைத் தள்ளிவிட்டுட்டுத் தரையத் தடவுனதை லோகாம்பா மதினியே எங்கிட்ட சொன்னாவ. எனக்குக் கேக்கக் கேக்கப் பாயாசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அதுக்கு மேல அவனால தாங்க முடியல. பேரன்ட்ட சொல்லிப் பாத்திருக்கான், அந்தப் பயல் விவரமானவன், 'முதல்ல முப்புட்ட போயிச் சொல்லுங்க, அப்பதான் நான் கேப்பேன்'னு ஓடியே போயிட்டான். ஆள் விட்டுக் கேட்டான், ஆவுடை வீட்டுக்கு வந்து பிள்ளைட்ட சொல்லட்டுமான்னு. மதினி, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லு. தெருவுல வச்சிச் சொல்லணும், ஊரு கேக்கணும்"னா.

அன்னைக்குக் கோயில் திடல்ல ராட்டினம் வந்திருந்துச்சு. மதினி ஊருப் பிள்ளைக எல்லாத்தையும் அங்க அனுப்பச் சொல்லிட்டா. முப்புவையும் தையக்கார அக்காகூட, 'போயி ஆசை தீரச் சுத்திட்டு வா'ன்னு அனுப்பிவிட்டா. பிறகு வீட்டு வாசல்ல பிள்ளை உக்காருத பச்சை பிளாஸ்டிக் நாற்காலியக் கொண்டாந்து போட்டா. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. தெருவுல கூடி நின்ன அம்புட்டுப் பேருக்கும் வெளங்குச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.

அவன் வெள்ளை வேட்டி கட்டி, பெண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு வந்தான். "பிள்ளை இருக்காளா?"ன்னான். "இன்னா நாற்காலியிலதான் இருக்கா, சொல்லுங்க"ன்னா மதினி. அவன் தெருப்புழுதியில மண்டிபோட்டு, அந்த வெறும் நாற்காலியைக் கும்பிட்டு, "முப்பிடாதி, மிட்டாயத் தின்னது நான்தான். நீ சொன்னதுதான் உண்மை. நான்தான் பொய்க்காரன்"னு சொல்லிட்டுக் கண்ணை அகல விரிச்சுப் பாத்தான். நாற்காலிதான் தெரிஞ்சிது. "கேட்டுச்சா அவளுக்கு?" "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. இன்னும் பாக்கி இருக்குபோல, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னா மதினி.

அவன் யோசிச்சான். சிலேட்டுல எழுதுனதைச் சொன்னான், அதை எழுத்துக்கூட்டிச் சொல்ல வச்சதைச் சொன்னான். நாற்காலிதான் தெரிஞ்சிது. முந்துன வருசம் ஒரு பயலைக் கள்ளன்னு சொல்லிப் பள்ளிக்கூடத்தை விட்டே விரட்டுனதைச் சொன்னான், அந்தப் பயலோட அப்பன் கூட்டத்துல நின்னு பல்லைக் கடிச்சாரு. தான் படிச்சேன்னு போர்டுல போட்டிருக்க படிப்பைப் படிக்கவே இல்லன்னு சொன்னான். மேல மேல உரிச்சு உரிச்சுப் போட்டான், மூக்குல ஒழுகுதது தெரியாம அழுதான், ஒவ்வொண்ணையும் சொல்லிட்டு ஒவ்வொரு தடவையும் அந்த நாற்காலியப் பாத்தான். லோகாம்பா மதினி நாற்காலி வெறுசா இருக்கதை வந்த உடனேயே பாத்துட்டாவ. அவுகளும் சொல்லல. இவன் களவாத் தின்னது தெரியாம எத்தனை வருசம் இவனுக்காகக் கீரை உருவுன கை அது.

கடைசியில எந்திரிக்க முடியாம எந்திரிச்சு, "என்னை அவ மன்னிக்கலபோல"ன்னு சொல்லிட்டுப் போனான். மதினி, "நாளைக்கும் வாங்க, நாளைக்கு மன்னிப்பாளோ என்னமோ"ன்னா. எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்துச்சு. நானும் சிரிச்சேன். ஏன் சிரிக்கக் கூடாது?

கூட்டம் கலையுத நேரத்துல முப்பு ஓடி வந்தா. ராட்டினத்துல யாரோ ஒரு பிள்ளை சொல்லிருக்கு, சார் உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கப் போறாவன்னு. தையக்கார அக்கா கையை உதறிட்டு, மூச்சு வாங்க, மூஞ்சியெல்லாம் சிவந்து, மதினி முன்னால வந்து நின்னு, இத்தனை நாளா மூடிக் கிடந்த வாயைத் தொறந்தா.

"அம்மா, சார் வந்தாவளா? நான்தான் நிசம் சொன்னேன்னு சொன்னாவளா?"

குரல் கட்டிப்போயி, பெரிய பிள்ளை குரல் மாதிரி இருந்துச்சு. மதினி பிள்ளை வாயையே பாத்தா. அவ ஆமான்னு சொல்லியிருக்கணும். சொன்னா பிள்ளை இப்பமே அவன்ட்ட ஓடும், அவன் ஒரு வார்த்தை சொல்லுவான், கண்ணு வந்திரும், நாளைக்கு அவன் புழுதியில மண்டிபோட வர மாட்டான். எத்தனை நாள் வரவைக்கணும்னு அவ மனசுல வச்சிருந்தாளோ. பொய்யே சொல்லத் தெரியாத பொம்பளை, அன்னைக்கு அவளுக்குத் தேன் மாதிரி வந்துச்சு.

"வரல மக்கா. அவன்லாம் வர மாட்டான்."

சொல்லி முடிக்கையில மதினி கண்ணு பிள்ளைய விட்டு நழுவிப் பின்னால இருந்த விளக்குக் கம்பத்துல போயி நின்னுச்சு. எங்க ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் இது அத்துபடி, ஒருத்தரு மேல சந்தேகம்னா பைய ஒதுங்கி நின்னு பாக்கும், கண்ணு கூட வருதா இல்லையான்னு. முப்பு இந்தப் பக்கம் ஒதுங்குனா. மதினி கண்ணு வரல. அந்தப் பக்கம் போனா. வரல.

"பொய்க்காரி"ன்னா முப்பு. கத்தல. எழுத்துக்கூட்டிப் படிச்ச மாதிரி, நிதானமாச் சொன்னா.

சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. நேரா அவன் வீட்டுக்கு. நான் பின்னாலயே ஓடுனேன். அவன் கூடத்துல தூணுல சாஞ்சு கிடந்தான். முப்பு அவன் முன்னால போயி நின்னு, "சார், இப்பம் சொல்லுங்க"ன்னா. அவன் குரல் வந்த திசைக்குத் திரும்பி, "நீ சொன்னதுதான் நிசம் தாயி, நான்தான் தின்னேன்"னான். அம்புட்டுதான். அவன் கண்ணு வந்து பிள்ளை மூஞ்சியில நின்னுச்சு. முப்பு, சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டா. இப்பம் அவன் மிச்சப் பிள்ளைகளுக்கு வீடு வீடாப் போயிச் சொல்லிக்கிட்டுத் திரியுதான், ஒவ்வொண்ணும் அவனை எத்தனை நடை நடக்க வைக்குதோ, நடக்கட்டும், அவன் கால் தேயட்டும்.

முப்பு இப்பம் நல்லாப் பேசுதா. எங்கிட்ட பேசுதா, தெருவுல பேசுதா, மஸ்கட்டுல இருக்க அப்பன்ட்ட மணிக்கணக்காப் பேசுதா. மதினிட்ட மட்டும் கிடையாது. மதினி அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்தே, "மக்கா, வந்தான், அவன் வந்தான், அம்மா பொய் சொன்னேன்"னு சொல்ல ஆரம்பிச்சா. 'வந்தான்'ங்கதுக்கு 'வ' வரும்போதே முப்பு ரெண்டு கையாலயும் காதை இறுக்கிப் பொத்திக்கிடுவா, பொத்திக்கிட்டுத் தொண்டைக்குள்ளயே ம்ம்ம்ம்னு முனங்குவா. மதினி நிறுத்துனதும் கையை எடுப்பா. தலைசீவ உக்காருவா, குளிக்க உக்காருவா, ஊட்டுனா வாங்குவா. அந்தச் சொல்லைக் காதுல மட்டும் விழ விட மாட்டா. நான் கெஞ்சிப் பாத்தேன், மிட்டாய் வாங்கித் தாரேன்னேன், அடிக்கக்கூடக் கையை ஓங்கிட்டேன். "அத்தை, இன்னும் கொஞ்ச நாளு"ங்கா.

நேத்து மத்தியானமும் அப்படித்தான். மதினி தட்டை மடியில வச்சிச் சோத்தைப் பிசைஞ்சு, விரலால பிள்ளை தாடையத் தடவிக் கண்டுபிடிச்சு, ஊட்டிக்கிட்டே இருந்தவ சட்டுன்னு சொல்ல ஆரம்பிச்சா, அவன் எப்பம் வந்தான், எந்த நாற்காலி, தான் ஏன் அனுப்பிவிட்டேன், எல்லாத்தையும், ஒண்ணு விடாம. முப்பு கன்னம் உப்ப சோத்தை வச்சிக்கிட்டு, காதைப் பொத்திக்கிட்டு, என்னையே பாத்துக்கிட்டிருந்தா. மதினி சொல்லி முடிச்சிட்டுக் காத்திருந்தா. பிள்ளை தெரியல.

"வடிவு, அவ கேக்குதாளா?"ன்னா.

பிள்ளை என் வாயையே பாக்கா.

"இல்ல மதினி, பொத்திக்கிட்டு இருக்கா"ன்னேன். மதினி சரின்னு அடுத்த உருண்டையை உருட்டுனா.